கையெழுத்துப் போடுவதற்கு முன்: எல்.கே.ஜி. வகுப்பில் ஒரு சிறப்புக் குழந்தை

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறாள். வகுப்பில் 28 பிள்ளைகள், ஒரு மிஸ், ஒரு ஆயாம்மா. ஜூன் மாதம் ஒரு பையன் சேர்ந்தான். இன்னும் பேச்சு வரவில்லை. சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். போன வாரம் என் மகளின் கையைக் கடித்துவிட்டான், பல் பதிந்துவிட்டது. அவனை ஸ்பெஷல் ஸ்கூலுக்கு மாற்றச் சொல்லி கரஸ்பாண்டன்டுக்குக் கடிதம் எழுதி, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கையெழுத்து சேர்க்கிறார்கள். மிஸ்ஸின் நேரம் முழுக்க அவனுக்கே போகிறது என்கிறார் என் கணவர். மகள் வீட்டில் அவனைப் போலவே கையை உதறிக் காட்டுகிறாள். "சேர்ந்தா இதுக்கும் ஒட்டிக்கும்" என்று மாமியார் பயப்படுகிறார். அந்தப் பையனின் அம்மாவை கேட்டில் பார்க்கும்போது எனக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. நான் கையெழுத்துப் போடலாமா? மகளின் படிப்பு கெடுமா? அவளிடம் என்ன சொல்வது?

பதில்:

அன்பு வாசகிக்கு,

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். உங்கள் மகளுக்குக் காயம் பட்டிருக்கிறது. பள்ளியிடம் கேட்க உங்களுக்கு நியாயமான விஷயங்கள் இருக்கின்றன. அதற்கு நீங்கள் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். அதில் என்ன எழுதுவது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: 28 பிள்ளைகள், ஒரு மிஸ், ஒரு ஆயாம்மா. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள 20 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பதுதான் 2013-ல் மத்திய அரசு வெளியிட்ட முன்பருவக் கல்விக் கொள்கை சொல்லும் அளவு. அதுவும் அந்த ஆள் வகுப்புக்குள் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். ஆயாம்மாவின் காலைப் பொழுது பெரும்பாலும் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவதிலும், கழுவி விடுவதிலும், தண்ணீர் பாட்டிலைத் தேடுவதிலும் போய்விடும். அப்படியானால் பல நேரம் அந்த அறையில் 28 பேருக்கு ஒரே ஒருவர்தான். அந்தப் பையன் நாளைக்கே வேறு பள்ளிக்குப் போனாலும் மீதி 27 பேருக்கு அதே ஒரு மிஸ்தான் இருப்பார். மிஸ்ஸின் நேரம் போதவில்லை என்று உங்கள் கணவர் சொல்வது சரி. அதற்குக் காரணம் அந்தப் பையன் என்பதுதான் சரியில்லை.

அவனுக்கு என்ன என்று உங்கள் கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆட்டிசமாக இருக்கலாம், காது கேட்பதில் குறை இருக்கலாம், பேச்சு மட்டும் தாமதமாகியிருக்கலாம், இவை சேர்ந்தும் இருக்கலாம். குழுவில் ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். அதை நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள். எதுவாக இருந்தாலும் ஒட்டிக்கொள்வது கிடையாது என்பதை மாமியாரிடம் உறுதியாகச் சொல்லலாம். இவை மூளையும் நரம்பும் புலன்களும் வளரும் விதத்தில் உள்ள வேறுபாடுகள். இருமல், சொறி போல ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவாது.

அப்படியென்றால் மகள் ஏன் கையை உதறுகிறாள்? நாலு வயதில் பிள்ளைகள் பார்த்ததையெல்லாம் செய்து பார்ப்பார்கள். மிஸ் மாதிரி குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பொம்மைகளுக்குப் பாடம் நடத்துவதும், தாத்தா மாதிரி இருமிக் காட்டுவதும் இதே வகைதான். காப்பி அடிப்பதை அடையாளம் காண்பது எளிது. விளையாட்டாகச் செய்வாள், நீங்கள் பார்க்கிறீர்களா என்று கவனிப்பாள், வேறு வேலை கிடைத்தால் விட்டுவிடுவாள். "அப்படிச் செய்யாதே" என்று அதட்டினால் அதுவே ஒரு நல்ல விளையாட்டாகி நீளும். கண்டுகொள்ளாமல் கையில் மாவு உருண்டையையோ கிரேயானையோ கொடுத்தால் கொஞ்ச நாளில் தானாகவே நிற்கும். ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். முன்பு பேசிய சொற்களை அவள் இப்போது பேசாமல் விட்டாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ, குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அது வந்தால் அவளுக்கே உரிய காரணத்தால் வந்திருக்கும், பக்கத்தில் உட்கார்ந்த பையனால் அல்ல.

படிப்பு கெடுமா என்ற கேள்வியை உலகம் முழுவதும் பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹெட் ஸ்டார்ட் என்ற அரசு மழலையர் திட்டத்தில், குறைந்தது 10 விழுக்காடு இடங்கள் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு என்று 1972-லேயே சட்டம் செய்தார்கள். பிட்ஸ்பர்க் நகரில் 1980-களின் தொடக்கத்தில் தொடங்கிய லீப் என்ற முன்பருவ வகுப்புகளில், ஆட்டிசம் உள்ள மூன்று நான்கு பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே அறையில் உட்கார வைத்து, எப்படி விளையாடுவது என்று இரு தரப்புக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். இத்தனை ஆண்டுகளில் இத்தகைய வகுப்புகளை ஆராய்ந்தவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்த பதில்: ஒழுங்காக நடத்தப்படும் சேர்ந்த வகுப்பில் மற்றப் பிள்ளைகளின் பேச்சோ எழுத்தோ பின்தங்குவதில்லை. விட்டுக்கொடுப்பது, காத்திருப்பது, சொல்லாமலே புரிந்துகொள்வது போன்றவற்றில் அவர்கள் முன்னேறுகிறார்கள்.

"ஒழுங்காக நடத்தப்படும்" என்ற சொற்களை நான் வேண்டுமென்றே எழுதினேன். குழந்தையை வகுப்பில் சேர்த்துவிட்டு வேறு எதையும் மாற்றாமல் இருப்பது எல்லோரையும் உள்ளடக்கிய கல்வி ஆகாது. அப்படி விட்டால் எல்லோருக்கும் கஷ்டம்தான், அந்தப் பையனுக்கு முதலில்.

பெற்றோரின் மனநிலை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, காது கருவி போட்ட பிள்ளை என்றால் பெரும்பாலான பெற்றோர் மறுப்பதில்லை. "பாவம், வரட்டும்" என்பார்கள். கத்துகிற, ஓடுகிற, கடிக்கிற பிள்ளை என்றால்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். காலில் உள்ள குறை கண்ணுக்குத் தெரிகிறது. நடத்தையில் தெரிவதை மட்டும் வளர்ப்பின் குறை என்று எடுத்துக்கொள்கிறோம். "அம்மாக்காரி கண்டிக்கிறதில்லை", "போனைக் கொடுத்து வளர்த்தது" என்றெல்லாம் பேச்சு வரும். இன்னொரு உண்மையும் உண்டு: இப்படிப்பட்ட வகுப்பில் தங்கள் பிள்ளை ஏற்கெனவே படித்திருக்கும் பெற்றோரிடம் இந்த எதிர்ப்பு குறைவு. பயம் அதிகமாக இருப்பது பார்த்திராதவர்களிடம்தான். அதனால் குழுவில் இருப்பவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. பள்ளி வாயைத் திறக்காத இடத்தை வாட்ஸ்அப் நிரப்பிக்கொண்டது.

இப்போது கடிக்கு வருவோம். உங்கள் கோபம் அங்கேதான் தொடங்கியது.

கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு ஐந்து நிமிடம் கழுவ வேண்டும். தோல் கிழியவில்லை என்றால் ஈரத்துணி ஒத்தடம் போதும். கிழிந்து ரத்தம் வந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோய் டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேட்க வேண்டும். பள்ளி அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்து, என்ன நடந்தது, என்ன முதலுதவி செய்தோம் என்று சொல்லியிருக்க வேண்டும். டைரியில் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கையைப் பார்த்துத்தான் உங்களுக்குத் தெரிந்தது என்றால், அது பள்ளியின் தவறு. அதைக் கேளுங்கள்.

பேச்சு வராத பிள்ளைக்குக் கடி பெரும்பாலும் பேச்சின் வேலையைச் செய்கிறது. இரண்டு வயதில் பல பிள்ளைகள் கடிப்பார்கள். "என்னோடது", "தள்ளிப் போ", "போதும்" என்று சொல்ல வாய் வந்ததும் கடிப்பது குறைந்துவிடும். வாய் வராத பிள்ளைக்கு அந்தக் கட்டம் நீள்கிறது. ஆகவே, கடிப்பதைத் தண்டித்து நிறுத்த முடியாது. கடித்தால் கிடைப்பது வேறு வழியில் கிடைக்கும்படி செய்தால்தான் நிற்கும்.

அதற்கு முதல் வேலை ஒரு நோட்டு. பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்: கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு என்ன கிடைத்தது. நேரமும் இடமும் பக்கத்தில் இருந்தவர்களும் குறித்திருக்க வேண்டும். இரண்டு வாரம் எழுதினால் வடிவம் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது ஒரே நேரம், ஒரே இடமாக இருக்கும்: ஸ்நாக்ஸுக்கு முன் கை கழுவ வரிசையில் நிற்கும்போது, பிரேயரில் மைக் அலறும்போது, விளையாடுவதை நிறுத்தச் சொல்லும்போது. வரிசையில் முன்னும் பின்னும் பிள்ளைகள் இடிப்பது சில பிள்ளைகளுக்குத் தாங்கவே முடியாது. அப்படியென்றால் தீர்வு மிகச் சின்னது. அவனை முதல் ஆளாகவோ கடைசி ஆளாகவோ அனுப்பினால் போதும்.

மூன்றாவது பத்தியைத்தான் பள்ளிகள் மறந்துவிடுகின்றன. அவன் கத்தினான், உடனே ஆயாம்மா வெளியே கூட்டிப்போய் வராந்தாவில் சுற்றினார். அவன் கடித்தான், 11 மணிக்கே அம்மாவுக்குப் போன் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இதிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்ளும் பாடம் என்ன? கத்தினால் வெளியே போகலாம், கடித்தால் வீட்டுக்கே போகலாம். பள்ளியே தெரியாமல் கடியை வளர்த்துவிடுகிறது. அதற்கு மாற்று, "போதும்" என்று காட்ட ஒரு அட்டையோ கை சைகையோ சொல்லிக்கொடுத்து, அவன் அதைக் காட்டிய உடனே வெளியே விடுவது. மூன்று நிமிடம் அமைதியான மூலையில் இருந்துவிட்டு, திரும்பி வந்து விட்ட வேலையில் ஒரு துண்டையாவது முடிக்க வேண்டும். அட்டையை அழுகைக்கு நடுவில் நீட்டினால் ஏறாது. அவன் அமைதியாக இருக்கும்போது ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை பழக்க வேண்டும். அமைதி மூலையை ஒரு தடவை தண்டனைக்குப் பயன்படுத்திவிட்டாலும், பிறகு அவன் அங்கே போக மறுப்பான்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பழைய வழி பலிக்காதபோது பிள்ளை முதலில் அதை இன்னும் பலமாகச் செய்து பார்க்கக்கூடும். புதிய முறை தொடங்கிய முதல் வாரம் பத்து நாள், கத்தல் கூடலாம். "இதெல்லாம் சரிப்படாது" என்று பெற்றோரும் நிர்வாகமும் கைவிடுவது சரியாக அந்தக் கட்டத்தில்தான். கைவிட்டால், பலமாகக் கத்தினால் பலிக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். இந்த நாட்களில் கூடுதலாக ஒரு ஆள் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, கடி விழாமல் இடையில் கை நீட்டித் தடுக்க வேண்டும். உங்கள் மகளின் பாதுகாப்புக்கு நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

வகுப்பில் வேறு என்ன மாற வேண்டும் என்று மிஸ் கேட்டால், முதலில் அன்றாட நிகழ்வுப் படவரிசை. உள்ளங்கை அளவு அட்டைகள் ஏழெட்டு: வணக்கம், பாட்டு, கதை, வெளி விளையாட்டு, கை கழுவுதல், ஸ்நாக்ஸ், எழுத்து, வீடு. இணையத்தில் எடுத்த கார்ட்டூன் படம் வேண்டாம். அதே பள்ளியின் குழாயையும், அதே சறுக்குமரத்தையும் போனில் படம் பிடித்து அச்சிட வேண்டும். படத்தைப் பொதுப்படையாகப் புரிந்துகொள்வது சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும், தான் பார்த்த குழாயை உடனே அடையாளம் காண்பார்கள். அட்டைகளைப் பிள்ளைகளின் கண் மட்டத்தில் ஒட்டி, ஒவ்வொன்றும் முடிந்ததும் பிள்ளைகளில் ஒருவர் அதை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். பல பள்ளிகளில் இந்த அட்டைகள் சுவரில் அழகாகத் தொங்கும், ஆண்டு முழுக்க யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். முடிந்தது எது, அடுத்தது எது என்று தெரியாத அட்டை வெறும் அலங்காரம். உங்கள் மகளுக்கும் இது உதவும். "எப்போ வீட்டுக்குப் போறது" என்று நாளைக்குப் பத்து முறை கேட்கும் பிள்ளைகள் எல்லா எல்.கே.ஜி. வகுப்பிலும் உண்டு.

அடுத்தது வகுப்பைப் பிரிப்பது. 28 பேரையும் ஒரே நேரத்தில் பாயில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுப்பதை விட, 14 பேர் மிஸ்ஸிடம், 14 பேர் உதவியாளரிடம் மணி கோக்கவோ கட்டை அடுக்கவோ, 20 நிமிடம் கழித்து மாற்றிக்கொள்வது நல்லது. சத்தம் குறையும். சத்தம் குறைந்தாலே அந்தப் பையனின் ஓட்டமும் குறைய வாய்ப்பு அதிகம். பிரேயர் மைக்குக்கு முன்னால் அவனை நிறுத்தாமல் கடைசி வரிசையில் நிறுத்துவதற்கோ, முதல் சில வாரம் வகுப்பிலிருந்தே கேட்கவிடுவதற்கோ காசு செலவில்லை.

ஷேடோ டீச்சர், அதாவது ஒரு பிள்ளையோடு மட்டும் கூடவே இருக்கும் உதவியாளர், பற்றிக் குழுவில் பேச்சு வந்திருக்கும்: "அவங்க ஒரு ஆளைப் போட்டுக்கட்டும்". அந்தப் பையனின் பெற்றோர்தான் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று பல பள்ளிகள் நிபந்தனை போடுகின்றன. அது நியாயமில்லை, அதோடு அந்த முறை பல நேரம் பலன் தருவதும் இல்லை. ஷேடோ அவனுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வார். அவன் தண்ணீர் கேட்பது ஷேடோவிடம், விளையாடுவது ஷேடோவோடு, மிஸ்ஸும் அவனிடம் சொல்ல வேண்டியதை ஷேடோவிடமே சொல்வார். வகுப்புக்குள் ஒரு தனி வகுப்பு நடக்கும். உதவியாளர் மொத்த வகுப்புக்கும் பொதுவானவராக இருந்து, அவனுக்குத் தேவைப்படும்போது மட்டும் பின்னாலிருந்து கைகொடுத்து விலகிக்கொள்வதே சரி. ஆறு மாதத்தில் எந்தெந்த வேலையில் அவர் விலக முடிந்தது என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் குழுவில் உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதன் 16-வது பிரிவின்படி, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், அவர்களுக்குத் தேவையான நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும். 31-வது பிரிவு சொல்லும் இலவசக் கல்வி உரிமை 6 முதல் 18 வயது வரை என்பதால், எல்.கே.ஜி.க்குச் சட்டமே இல்லை என்று சில நிர்வாகங்கள் சொல்வதுண்டு. இலவசம் வேறு, சேர்க்கையில் பாகுபாடு கூடாது என்பது வேறு. 16-வது பிரிவில் வயது வரம்பு இல்லை. உங்கள் பள்ளி மெட்ரிக் அங்கீகாரம் பெற்றது. ஆகவே பெற்றோர் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாலும், அந்தக் காரணத்துக்காக ஒரு குழந்தையை வெளியே அனுப்பினால் பள்ளிதான் சிக்கிக்கொள்ளும். அவன் பெயரையும் படத்தையும் குழுவில் போட்டுக் கேலி பேசுகிறவர்களுக்கு, மாற்றுத்திறனாளியைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை என்று அதே சட்டத்தின் 92-வது பிரிவு இருப்பதையும் நினைவூட்டலாம். அங்கன்வாடிகளுக்கே மாற்றுத்திறன் குழந்தைகளைச் சேர்த்து நடத்துவதற்கான வழிமுறையை 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்டுவிட்டது. கட்டணம் வாங்கும் மெட்ரிக் பள்ளி எங்களால் முடியாது என்று சொல்ல இடமில்லை.

"ஸ்பெஷல் ஸ்கூல் அவனுக்கே நல்லது" என்றும் ஒருவர் சொல்லியிருப்பார், நல்லெண்ணத்தோடுதான். சில பிள்ளைகளுக்குச் சில காலம் அது தேவைப்படும். சென்னையில் பால வித்யாலயா போல, காது கேளாத பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பேச்சுப் பயிற்சி தந்து சாதாரணப் பள்ளிக்கு அனுப்பும் இடங்கள் நம்மிடம் உண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவன் பெற்றோரும் அவனைப் பார்க்கும் நிபுணர்களும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பள்ளியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

இனி, நீங்கள் எழுத வேண்டிய கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பிரின்சிபாலுக்கு எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

"என் மகள் எல்.கே.ஜி. படிக்கிறாள். இந்தத் தேதியில் வகுப்பில் அவளுக்குக் கடிக்காயம் ஏற்பட்டது. எந்தக் குழந்தையையும் நீக்கும்படி நான் கேட்கவில்லை. கீழ்க்கண்டவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பு நேரம் முழுவதும் அறைக்குள் இருக்கும் இரண்டாவது பெரியவர் ஒருவரை நியமிக்க வேண்டும். எந்தக் குழந்தைக்குக் காயம் பட்டாலும் அன்றே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். சம்பவப் பதிவேடு வைக்க வேண்டும். வகுப்பு ஆசிரியருக்கு, சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளோடு பணியாற்றுவதற்கான பயிற்சியும், சிறப்பாசிரியர் ஒருவரின் வழிகாட்டலும் கிடைக்கச் செய்ய வேண்டும். எடுத்த நடவடிக்கைகளை ஆறு வாரத்தில் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டும்."

குழுவில் உள்ள மற்றவர்களிடம் இதைக் காட்டுங்கள். முதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் சிலராவது இதில் போடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் வேண்டியது இதுதான். ஆளுக்குச் செலவாகும், கட்டணம் ஏறும் என்று நிர்வாகம் சொல்லலாம். 28 பிள்ளைகள் கட்டணம் கட்டும் வகுப்பு அது என்பதைப் பணிவாக நினைவுபடுத்துங்கள். ஆசிரியரின் பயிற்சிக்கு, முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் போன்ற இடங்களைப் பள்ளி அணுகலாம். கூட்டத்தில் அந்தப் பையனைப் பற்றிய மருத்துவ விவரம் எதையும் கேட்காதீர்கள், பள்ளி சொல்லவும் கூடாது. கேட்க வேண்டியது வகுப்பைப் பற்றி மட்டுமே.

மகளிடம் பேசுவது இதையெல்லாம் விட எளிது. "அவன் ஏம்மா பேச மாட்டேங்கிறான்?" என்று கேட்டால், "அவனுக்குப் பேச்சு வர நாளாகும். கையைக் காட்டிச் சொல்லுவான், நீ பாரு" என்றால் போதும். "ஏன் காதைப் பொத்துறான்?" "சத்தம் அவனுக்கு ரொம்பப் பெருசாக் கேக்கும்." "என்னைக் கடிச்சானே?" "கடிச்சது தப்பு. உனக்கு வலிச்சுது. கிட்ட வந்தா கையை நீட்டி 'வேணாம்'னு சொல்லு, மிஸ்ஸைக் கூப்பிடு." கடைசிப் பதிலை விட்டுவிடாதீர்கள். அவன் சிறப்புக் குழந்தை என்பதற்காக அவள் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாவம், நோயாளி, பேட் பாய் ஆகிய மூன்று சொற்களும் வீட்டில் வேண்டாம், பாட்டியின் வாயிலும் வேண்டாம். மூன்றையும் அவள் மறுநாள் வகுப்பில் அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள்.

அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவள் தலையில் வைக்காதீர்கள். "நீதான் அவனைப் பாத்துக்கணும்" என்று மிஸ் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூட விளையாடச் சொல்லிக்கொடுக்கலாம், அது வேறு. தோளைத் தொட்டுக் கூப்பிடு, பொருளைக் கண்ணுக்கு நேரே காட்டு, மனசுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திரு. இந்த மூன்றும் நாலு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே வரும். காத்திருப்பதுதான் கஷ்டம், பெரியவர்களுக்கும் அப்படித்தான். கேள்வி கேட்டு இரண்டு நொடியில் நாமே பதில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளை பதிலைத் தேடி எடுப்பதற்குள் நாம் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம்.

அந்த அம்மாவிடம் என்ன பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். குழுவில் நடப்பது அவருக்குத் தெரிந்திருக்கும், தெரியாதது போல இருப்பார். சேர்க்கையின்போது பிள்ளையின் நிலையைச் சொல்லாமல் மறைத்தார் என்ற குற்றச்சாட்டும் அந்தக் கடிதத்தில் இருக்கக்கூடும். சொன்ன பெற்றோரைப் பல பள்ளிகள் "சீட் முடிந்தது" என்று அனுப்பிவிடுகின்றன, அதனால்தான் மறைக்கிறார்கள். பள்ளிகள் சொன்னவர்களைச் சேர்த்துக்கொண்டால் மறைப்பதும் நின்றுபோகும். தெரபி எங்கே போகிறீர்கள், டாக்டர் என்ன சொன்னார், குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டீர்களா போன்றவற்றை எல்லோரும் கேட்டுக் கேட்டு அவர் களைத்திருப்பார். "உங்க பையனுக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். உங்கள் மகளைக் கடித்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்பார், பெரும்பாலும் அளவுக்கு மீறியே கேட்பார். "அவளுக்கு ஆறிடுச்சு. பள்ளியில இன்னொரு ஆள் போடச் சொல்லி நான் எழுதிக் கொடுத்திருக்கேன், நீங்களும் கொடுங்க" என்று சொன்னால் அவருக்குப் பெரிய பலம்.

அவனுக்கு இதுவரை பரிசோதனையே செய்யவில்லை என்று அவரே வாய்விட்டுச் சொன்னால் மட்டும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தைச் சொல்லுங்கள். காது, கண், பேச்சு, நடத்தை, உடலியக்கம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில், கட்டணமில்லாமல் பார்ப்பதற்கான ஏற்பாடு அது. பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காது கேட்கும் பரிசோதனை. இந்த வரிசை மாறக் கூடாது.

மகளின் பிறந்தநாளுக்கு அவனையும் கூப்பிடுங்கள். கூட்டம் சேர்வதற்கு அரைமணி முன்பே வரச் சொல்லுங்கள். பலூன் உடைக்கும் விளையாட்டு வேண்டாம், பாட்டுச் சத்தத்தைக் குறைத்து வையுங்கள், ஒரு அறையை யாரும் நுழையாமல் விட்டு வையுங்கள். கேக் வெட்டும்வரை இருக்க முடியாமல் முக்கால் மணியில் கிளம்பினால் வற்புறுத்த வேண்டாம். வந்ததே பெரிது.

பள்ளியை மாற்றலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் பேச்சு வந்திருக்கும். ஆறு வாரம் பாருங்கள். அதற்குள் இரண்டாவது ஆள் வரவில்லை, பதிவேடு இல்லை, மறுபடியும் காயம் பட்டு உங்களுக்குத் தகவலும் இல்லை என்றால், மாற்றுவதில் தவறில்லை. அப்போது டி.சி. விண்ணப்பத்தில் காரணத்தை எழுதுங்கள்: 28 குழந்தைகளுக்கு ஒரே ஆசிரியர் என்று. புதிய பள்ளியில் கட்டணத்தைக் கேட்பதற்கு முன், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், அறைக்குள் எத்தனை பெரியவர்கள், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைச் சேர்க்கிறீர்களா, சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள். "அந்த மாதிரிப் பிள்ளைகளை நாங்க எடுக்கிறதில்ல, கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தால், அங்கே சேர்க்காதீர்கள். உங்கள் மகளுக்கே நாளைக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதில் தடுமாற்றம் வந்தால் அவர்கள் இதே பதிலைத்தான் உங்களிடம் சொல்வார்கள்.